கள்ளை பாட்டிலில் அடைக்க விடுங்கள்

அடிலெய்டில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், கடையில் பியர் கிட் வாங்கி வீட்டிலேயே பியர் போட்டிருக்கிறான். 23 லிட்டர். அது நுரைத்து அடங்கும்வரை தைரியமாக இருந்தவனுக்கு, பாட்டிலில் அடைக்கும் நாள் வந்ததும் உதறல் எடுத்துவிட்டது. "மாமா, பாட்டில் வெடிச்சிருமோ? அடியில மண்டி நிக்கி, குடிக்கலாமா? கண்ணு கிண்ணு போயிராதே?" துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கும் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற என்னிடம் இதைக் கேட்கக் காரணம் உண்டு. உடன்குடிப் பக்கம் எங்கள் தாத்தா பனையேறி. ஆச்சி விடிலிக் குடிசையில் கருப்பட்டி காய்ச்சியவள். நுரைப்பதும் புளிப்பதும் எங்கள் வீட்டுச் சமாச்சாரம்.

சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே மூடினால் பாட்டில் வெடிக்கத்தான் செய்யும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடுகிறது. மூடிய பாட்டிலில் வாயு எங்கே போகும்? ஆகவே ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, இரண்டு மூன்று நாள் ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்த்த பிறகே அடைக்க வேண்டும். குமிழி வருவதற்காக அப்போது போடும் சர்க்கரை லிட்டருக்கு ஏழெட்டு கிராம் போதும். "இனிப்பா இருக்கட்டும்னு கூட ஒரு கரண்டி போட்றாதல" என்றேன். மேலே இரண்டு விரல் இடம் விட வேண்டும். முதல் தடவை என்றால் கண்ணாடி வேண்டாம். பியருக்கென்றே விற்கும் தடித்த பிளாஸ்டிக் பாட்டில் நல்லது. விரலால் அமுக்கிப் பார்த்தாலே உள்ளே வாயு ஏறியது தெரியும். மண்டி என்பது வேலை முடிந்து படிந்த ஈஸ்ட், அதனால் கெடுதல் இல்லை. பாட்டிலைக் கழுவுவதில் மட்டும் சோம்பல் கூடாது.

கண் போகிற பயத்துக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. மால்ட்டைப் புளிக்க வைத்தால் கண்ணைப் பறிக்கிற அளவு மெத்தனால் உண்டாகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். அதற்கும் ஈஸ்ட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் நம் ஊரில் புளிக்க வைத்ததும் விஷச் சாராயமும் ஒரே சட்டத்தில்தான் பிடிபடுகின்றன. இங்கிலாந்தில் 1963-ல் வீட்டு பியருக்கு இருந்த உரிமக் கட்டாயத்தையும், அமெரிக்காவில் 1978-ல் அதற்கு இருந்த தடையையும் எடுத்துவிட்டார்கள். இங்கே தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் நிற்கிறது. அக்கா மகனுக்கு போனில் சொன்னதை நான் என் வீட்டுக் கொல்லையில் செய்து காட்டினால், அடுத்து வருவது போலீஸ் ஜீப்.

வீட்டுக்கு வீடு பியர் போட அனுமதி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நமக்கு அது தேவையும் இல்லை. நம்மிடம் பனை இருக்கிறது.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பதநீர். தடவாமல் கட்டினால், இறக்குவதற்குள்ளேயே புளிக்கத் தொடங்கிக் கள்ளாகிவிடும். சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே நிற்பது அந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. திருச்செந்தூர் ரோட்டில் வாங்கிய பதநீரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு சென்னை போகும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறியவர்களைக் கேளுங்கள். ராத்திரியில் பாட்டில் உப்பும். மதுரை தாண்டி யாராவது மூடியைத் திருகினால் புஸ்ஸென்று பெட்டி முழுக்க வாடை. தூத்துக்குடியில் பதநீராக ஏறியது தாம்பரத்தில் ஏறத்தாழ கள்ளாகத்தான் இறங்குகிறது. இதற்கு யார்மேல் வழக்குப் போடுவது?

கள்ளுக்கடைகள் 1987 ஜனவரி 1 முதல் மூடிக் கிடக்கின்றன. அரசின் டாஸ்மாக் மதுக்கடைகள் திறந்திருக்கின்றன. இந்த முரண்பாட்டை எல்லாரும் பேசியாகிவிட்டது. 2025 ஜூனில் நாம் தமிழர் கட்சியின் சீமான் பெரியதாழையில் பனையேறிக் கள் இறக்கியும் காட்டினார். கள் உணவு, மருந்து என்றெல்லாம் மேடையில் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கள்ளிலும் பியர் அளவுக்கு, நாலைந்து சதவீதம் ஆல்கஹால் உண்டு. குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடித்தவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

தடையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் கலப்படம். அது பொய்யுமல்ல, தெலங்கானாவில் அல்பிரசோலம், குளோரல் ஹைட்ரேட் கலந்த கள் பலமுறை பிடிபட்டிருக்கிறது. பானையில் மொண்டு ஊற்றும் இடத்தில் யார் எதைக் கலந்தார் என்று கண்டுபிடிப்பது சிரமம். அதனால்தான் பாட்டில் என்கிறேன். சீல், தேதி, சங்கத்தின் பெயர் இருந்தால் பிடிப்பதற்கு ஆள் இருக்கும்.

இதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைச் சேர்த்துப் போத்தலில் அடைத்து விற்கின்றன; வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். தவறணை எனும் கள்ளுக்கடையில் போய்க் குடிப்பவர் அங்கே குடிக்கிறார், போத்தல் வேண்டியவர் போத்தல் வாங்குகிறார்.

பியரை அடைப்பதைவிடக் கள்ளை அடைப்பது கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். பியரில் நாம் போட்ட ஈஸ்ட் மட்டும் இருக்கிறது. தின்று முடித்ததும் அடங்கிவிடும். கள்ளில் காற்றிலிருந்தும் பாளையிலிருந்தும் வந்த ஈஸ்ட், பாக்டீரியா எல்லாம் கலந்து கிடக்கும். ஈஸ்ட் ஓய்ந்தாலும் பாக்டீரியா ஓயாது. காலையில் இறக்கிய கள்ளை மறுநாள் வாயில் வைக்க முடியாது, அப்படியே விட்டால் வினிகர். அதனால் பாட்டிலைச் சூடாக்கிக் கிருமிகளை அடக்க வேண்டும். அதற்குக் கொட்டகை, கொதிகலன், ஒரு சின்ன லேப், அளவு பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் தேவை. ஒற்றைப் பனையேறியால் ஆகாது, சங்கத்தால் ஆகும். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை.

உடன்குடியிலோ சாத்தான்குளத்திலோ ஒரே ஒரு சங்கத்துக்கு, ஒரே ஒரு பருவத்துக்கு உரிமம் கொடுத்துப் பார்க்கட்டும். ஆல்கஹால் அளவைப் பாட்டிலில் அச்சிடட்டும். ஒவ்வொரு தொகுதியையும் பரிசோதிக்கட்டும். தவறினால் உரிமத்தை ரத்து செய்யட்டும். விற்பனையை மட்டும் டாஸ்மாக்கிடம் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் மரத்தில் ஏறுகிறவனுக்கு லிட்டருக்கு என்ன கிடைக்கும் என்பதைக் கணக்குப் போட டேலி கிளார்க் தேவையில்லை.