பிக்கப்

பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண் திங்கட்கிழமை சாயங்காலம் அழுத முகத்தோடு வந்தாள். ஆங்கிலத் தேர்வில் 'பிக் அப்' என்பதை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னார்களாம். தன் பாட்டி நடுவயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை எழுதியிருக்கிறாள். உரைநூலில் 'தூக்கு' என்று மட்டும் போட்டிருப்பதால் மதிப்பெண் இல்லை. "நான் எழுதினது தப்பா மாமா?"

உரைநூல்கள் மேல் எனக்குள்ள ஆத்திரம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று பிள்ளைகளை நம்பவைப்பது பெரிய அநியாயம். புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். "போனை பிக்கப் பண்ணல", "வந்து பிக்கப் பண்ணிக்கிறேன்", "வண்டியில பிக்கப் இல்ல", "யாவாரம் இப்பத்தான் பிக்கப் ஆகுது." இத்தனை பொருளையும் நம் ஊரே புழங்குகிறது. பார்த்தும் பழகியும் ஒன்றைக் கற்றுக்கொள்வதும் அதே சொல்தான். 'எடு' வேறு, 'எடுத்துக்கொள்' வேறு என்று நமக்கு யார் பாடம் நடத்தினார்கள்?

அந்தப் பாட்டியின் சைக்கிளைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. 1991. அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேகம் பிடித்த நேரம். தொண்டர்களாக வந்த பெண்கள் உள்கிராமங்களுக்குப் போக சைக்கிள் வேண்டும் என்று அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முனைந்தார். அவர்களைப் பார்த்து வயல் வேலை செய்பவர்கள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று எல்லாரும் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பொதுவெளியில் நடந்த போட்டிகளில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டிக்காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். பெடலை நிறுத்தியவர்கள் குறைவு. பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திருந்த காலம் போய், தண்ணீர்க் குடமும் பிள்ளையும் சைக்கிளில் ஏறின.

பயிற்சி முகாமில் தொடங்கிய சைக்கிள் ஓட்டம், தெருவில் விழுந்து எழுந்துதான் கைவந்தது. மொழியும் அப்படித்தான் கைவரும். பட்டியலை மனப்பாடம் செய்து வராது.

ஆசிரியர்களே, உரைநூலை மூடிவைத்துவிட்டு, வீட்டில் நடந்ததை எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெண் எழுதிய வாக்கியம் சரி. அவளுக்கு முழு மதிப்பெண் தர வேண்டும்.