தகரத்தைப் பார்த்து வாங்குங்கள்



பழைய கார்களைப் பற்றி எப்போது எழுதினாலும் ஒரே கேள்வி வேறு வேறு கையெழுத்துகளில் நம் மேசைக்கு வந்து சேர்கிறது. “கையில் இரண்டு லட்சம்தான் இருக்கிறது. எனக்கும் ஒரு கிளாசிக் கார் கிடைக்குமா?” கிடைக்கும். கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்தில் நிற்கும் வெளிநாட்டுப் பெரிய வண்டிகள் நம் கைக்கு எட்டாது. அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு, முதல் காலத்து மாருதி 800 எல்லாம் எட்டும். அவற்றை இரண்டாந்தரம் என்று நினைக்கத் தேவையில்லை. நம் சாலைகளின் சரித்திரம் இந்த வண்டிகளில்தான் ஓடியது.

வாங்கப் போகிறவர்கள் செய்வது என்ன? முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார்கள். இன்ஜின் சத்தம் சீராக இருந்தால் முகம் மலர்ந்துவிடும். நான் சொல்வேன், இன்ஜினைக் கடைசியில் பாருங்கள். அம்பாசிடர் இன்ஜினையோ பத்மினியின் 1,089 சிசி இன்ஜினையோ பிரித்துப் போட்டு, லேத்தில் கொடுத்து போர் செய்து, பிஸ்டன் மாற்றிக் கோத்துத் தர இன்றும் ஆள் இருக்கிறார்கள். செலவை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடுவார்கள். டிங்கரிங் வேலைக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஒரு துருவைச் சுரண்டினால் அடுத்த துரு தெரியும். அதைச் சுரண்டினால் தரையே தெரியும்.

ஆகவே ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் எடுத்துக்கொண்டு போங்கள். கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, ஸ்டெப்னி வைக்கும் குழி, ஜாக்கி போடும் இடம் எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாமல் நழுவினால் பெயின்டுக்கு அடியில் இருப்பது தகரமல்ல, பட்டி. மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். முன் கண்ணாடியின் ரப்பர் வழியாக மழைநீர் இறங்கியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். உப்புக்காற்று வண்டியின் அடிப்பக்கத்திலிருந்துதான் வேலையை ஆரம்பிக்கும். அதே விலையில் கோவை, ஈரோடு பக்கத்து வண்டி கிடைத்தால், பெயின்ட் மங்கியிருந்தாலும் நான் அதைத்தான் வாங்குவேன்.

அடுத்து, வண்டி முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். டெயில் லேம்ப் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, ஹார்ன் ரிங், குரோம் பட்டை, பின்னால் பெயர் எழுதிய எழுத்துகள். ‘இதெல்லாம் சில்லறைச் சாமான், சென்னைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும்’ என்பார் விற்பவர். கியர் பாக்ஸ் கிடைத்தாலும் கிடைக்கும், அந்தச் சில்லறைச் சாமான் சுலபத்தில் சிக்காது.

ஹெரால்டு பிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது நம்ம ஊர் வண்டி. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் - பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1960-களில் செய்தது. மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் முழுவதும் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இங்கிலாந்தில் ட்ரயம்ப் ஹெரால்டுக்கு இன்றும் சாமான் செய்து விற்கிறார்கள் என்பதால் இன்ஜின் வேலைக்கு வழி உண்டு. ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பின்கதவு நசுங்கினால் அங்கே எழுதிப் போட்டும் பயனில்லை. இரண்டு லட்சக்காரர்கள் ஹெரால்டை ஆசையோடு பார்க்கலாம், வாங்குவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

என்னைக் கேட்டால் சிறு பட்ஜெட்டுக்கு மாருதி 800தான். 1983 டிசம்பரில் முதல் வண்டி சாவியை இந்திரா காந்தி கொடுத்தாரே, அந்தப் பெட்டி போன்ற முதல் மாடல் அபூர்வம். அதற்கடுத்து வந்த உருண்டை மாடலில் கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி, ஒரே கை ஓட்டியது, அங்கங்கே கிடைக்கிறது. “மாருதியெல்லாம் கிளாசிக்கா?” என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அம்பாசிடரையும் ஒரு காலத்தில் வாடகை வண்டி என்றுதான் சொன்னார்கள். 2014-இல் உற்பத்தி நின்ற பிறகுதானே எல்லாருக்கும் பாசம் பொங்கியது?

பணத்தைப் பற்றி ஒரே கணக்கு. இரண்டு லட்சம் இருந்தால் வண்டிக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். டயர், பிரேக், வயரிங், குஷன் என்று மீதி தானாகப் போய்விடும். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் அதைத் தாங்காது. வாங்கிய கையோடு அவற்றை மாற்றிவிடுங்கள். கசிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற விஷயமல்ல இது.

இனி, பேப்பர். ஆர்.சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜின் ஏற்றி ஓட்டிய காலம் ஒன்று உண்டு. அந்த மாற்றம் ஆர்.சி-யில் ஏறியிருக்கிறதா? உரிமையாளர் காலமாகிவிட்டார் என்றால் வாரிசுகள் எல்லாரும் சம்மதித்துப் பெயர் மாற்றித் தந்த பிறகே பணம். பதினைந்து வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. வெளி மாநில வண்டி மலிவாக வந்தால் என்.ஓ.சி-யையும் இங்கே கட்ட வேண்டிய வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு மறைந்துவிடும்.

ஐம்பது வயது கடந்து, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு ‘விஎ’ எழுத்துடன் தனி வின்டேஜ் பதிவு கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. கௌரவமான நம்பர்தான். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரியங்களுக்கு மட்டுமே வண்டியைச் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மகாபலிபுரம் போக ஆசைப்படுகிறவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். கார்புரேட்டரைக் காதால் கேட்டே ட்யூன் செய்கிற, ஸ்டீயரிங் கியரைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் ஊருக்கு ஒருவர் இருவர்தான் இருப்பார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் சம்மதத்தோடு, கடை எங்கே இருக்கிறது, எந்த வண்டியில் கைதேர்ந்தவர் என்று எழுதி அனுப்புங்கள். ஊர்வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம். வண்டி தேடுகிறவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு எந்த மாடல் என்று முடிவு செய்யட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்