கண்ணுக்குத் தெரியாத புகை

காஜிபேட்டை - பல்லார்ஷா மார்க்கத்தில் பயணம் செய்யும் அன்பர்கள் ராமகுண்டம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்திருப்பார்கள். கரும்புகை கிடையாது. "இப்போதெல்லாம் புகையே இல்லை" என்று பெட்டியில் ஒருவர் சொன்னால் மற்றவர்களும் தலையாட்டுவார்கள். சாம்பலைப் பிடிக்கும் சாதனம் ஒழுங்காக வேலை செய்கிறது, அவ்வளவுதான். நைட்ரஜன் ஆக்ஸைடு அந்தச் சாதனத்தில் சிக்காது, கண்ணுக்கும் தெரியாது.

அது இரண்டு வழிகளில் உண்டாகிறது. காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக எதனோடும் சேராத சாது. உலையின் சூடு 1,400, 1,500 டிகிரிக்கு ஏறினால் அதுவும் பிராணவாயுவுடன் கூடிவிடும். மற்றொரு வழி நிலக்கரியே. கரிக்குள் 1 முதல் 2 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. கரியை மாவாக அரைத்து எரிக்கும் பாய்லர்களில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. வெளியே வந்தபின் வெயிலில் ஓசோன் உண்டாகத் துணைபோகும். அமோனியாவுடன் சேர்ந்து நுண்தூசியாகும். இரண்டும் நுரையீரலுக்குக் கேடு.

தடுக்க வழியில்லாமல் இல்லை. எல்லாக் காற்றையும் ஒரேயடியாக ஊதாமல், பர்னர் அருகே குறைத்துவிட்டு மீதியை உலையின் மேல்பகுதியில் விட வேண்டும். பிராணவாயு தட்டுப்பாடான இடத்தில், கரியிலிருந்து பிரியும் நைட்ரஜன் தன் இனத்தோடேயே ஜோடி சேர்ந்து சாதுவாகிவிடும். காற்றை அளவுமீறிக் குறைத்தால் கரி அரைகுறையாக எரிந்து சாம்பலோடு போகும். ஆகவே கவனம் தேவை. நெய்வேலி இரண்டாம் நிலைய விரிவாக்கத்தில் வேறு முறை: பழுப்பு நிலக்கரி காற்றில் மிதந்தபடி 900 டிகிரிக்குள் எரிகிறது. அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜன் அசையாது. இவற்றுக்கெல்லாம் மேலே, வினையூக்கி வைத்து அமோனியா செலுத்தினால் 80 சதவீதத்துக்கு மேல் குறைக்கலாம். ஆனால் நம் நாட்டுக் கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம். வினையூக்கி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்கிறார்கள். அந்தக் கஷ்டம் மெய்தான்.

சட்டத்துக்கு வருவோம். 2015 டிசம்பரில் மத்திய சர்க்கார் வரம்பு விதித்தது. ஒரு கன மீட்டர் புகைக்கு, 2003 முடிய நிறுவியவற்றுக்கு 600 மில்லிகிராம்; 2004 முதல் 2016 வரை 300; அதற்குப் பின் 100. இரண்டு ஆண்டில் நிறைவேற்றச் சொன்ன கெடு பலமுறை தள்ளிப்போயிற்று. 2020 அக்டோபரில் நடுவிலுள்ள 300-ஐ 450 ஆக்கிவிட்டார்கள். சுமை குறைத்து ஓட்டும்போது கரிக்கு வேண்டியதைவிடக் காற்று மிகுந்து இந்த வாயு ஏறுகிறது, 300-க்குள் நிறுத்த முடியவில்லை என்பது சொன்ன காரணம். நிறுத்த முடியாவிட்டால் காற்றைச் சீராக்கும் கருவியையும் பர்னரையும் மாற்ற வேண்டுமா, சட்டத்தை மாற்ற வேண்டுமா?

ராமகுண்டத்தையே பாருங்கள். 1983-ல் ஓடத் தொடங்கிய பாய்லரும் அங்கே இருக்கிறது. 2004-ல் வந்த ஏழாவது யூனிட்டும் இருக்கிறது. 2023-ல் வணிக உற்பத்தி தொடங்கிய 800 மெகாவாட் யூனிட்டும் இருக்கிறது. ஒரே ஊர், ஒரே காற்று, மூன்று வரம்பு! அங்கே குடியிருக்கும் குழந்தையின் நுரையீரலுக்குப் பாய்லரின் பிறந்த தேதி தெரியுமா?

நிலையத்தை மூடு என்று சொல்ல நான் வரவில்லை. ரயில்வே ஏற்றும் சரக்கில் ஏறத்தாழப் பாதி நிலக்கரி. அதில் சம்பளம் வாங்குகிறவன் நான். ஐதராபாத்தின் காற்றைக் கெடுப்பதில் நம் ஸ்கூட்டருக்கும் லாரிக்கும் உள்ள பங்கையும் மறைக்கவில்லை. ஆனால் 200 கிலோமீட்டருக்கு அப்பால் உண்டாகும் மின்சாரத்தில் மல்காஜ்கிரியிலும் மெட்டுகூடாவிலும் நாம் விசிறி போட்டுக்கொள்கிறோம். அதன் கழிவை ராமகுண்டத்தார் சுவாசிக்கிறார்கள். செலவு கட்டணத்தில் ஏறும் என்றால் அதில் நம் பங்கைக் கொடுக்கத்தான் வேண்டும்.

பழைய யூனிட்டுகளை வருடாந்தரப் பராமரிப்புக்கு நிறுத்தும்போதே பர்னரையும் மேல்காற்று வழியையும் திருத்தட்டும். வினையூக்கியை ஒப்பிட்டால் இது சொற்பச் செலவு. 450 மறுபடி 300 ஆகட்டும். அதுவரை, புகைபோக்கியிலுள்ள அளவுக் கருவி அன்றாடம் காட்டும் எண்ணை, சட்ட வரம்போடு சேர்த்து, ராமகுண்டம் பஸ் நிலையத்தில் ஒரு பலகையில் தெலுங்கில் எழுதி வைக்கட்டும்.