செத்த காலேஜுக்கு உயிர் கொடுங்கள்!

எழும்பூர் மியூசியத்துக்குச் சென்னை ஜனங்கள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சி சாலைக்கு ‘உயிர் காலேஜ்’!

பெயர் வந்த கதை சுவையானது. 1851-ல் இந்த மியூசியம் ஆரம்பித்தபோது, கோட்டைக் காலேஜ் என்று சொல்லப்பட்ட கட்டிடத்தின் மாடியில்தான் இருந்தது. பிறகு பாந்தியன் ரோட்டுக்கு வந்தது. ஆனாலும் ‘காலேஜ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்போது பொறுப்பில் இருந்த டாக்டர் பால்பர் ஒரு யோசனை செய்தார். மியூசியத்து வளாகத்திலேயே உயிருள்ள மிருகங்களைக் கொண்டு வந்து வைத்தார். ஜனங்கள் திரண்டு வந்தார்கள். பாடம் பண்ணி வைத்த மிருகம் ஒரு பக்கம், உறுமுகிற மிருகம் ஒரு பக்கம். செத்த காலேஜ், உயிர் காலேஜ் என்று பெயர் வைக்கக் கேட்க வேண்டுமா?

மிருகங்கள் பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. 1985-ல் வண்டலூரில் புதிய பூங்கா திறந்தார்கள். உயிர் காலேஜ் ஊருக்கு வெளியே போய்விட்டது. செத்த காலேஜ் மட்டும் எழும்பூரிலேயே இருக்கிறது.

ஆனால் நாம் கேட்பது வேறு. அங்கே இருக்கிற நம் சாமி சிலைகளும், சிற்பங்களும், ஓவியங்களுமா செத்தவை? நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவற்றைச் செத்ததாக ஆக்கி வைத்திருப்பது யார்?

கையைக் கட்டு, வரிசையில் நட!

பள்ளிக்கூடத்து ‘எக்ஸ்கர்ஷன்’ எப்படி நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியும். காலையில் மியூசியம், மத்தியானம் கிண்டி பார்க், சாயங்காலம் மெரினா. ஒரே நாளில் எல்லாம் முடிய வேண்டும்.

பஸ்ஸில் அறுபது பிள்ளைகள். கூட இரண்டு வாத்தியார்கள், ஒரு டீச்சர், ஒரு விசில். உள்ளே நுழைந்ததும் மூன்றே பாடம்: “தொடாதே! பேசாதே! நகரு!”

சிலையை நிமிர்ந்து பார்ப்பதற்குள் பின்னால் வருகிறவன் தள்ளுகிறான். நோட்டுப் புத்தகம் கொண்டு வந்த பிள்ளை பலகையில் இருப்பதைக் காப்பி அடிக்கிறது. ‘வெண்கலம், 11-ம் நூற்றாண்டு’ என்று எழுதிக்கொண்டு ஓடுகிறது. எழுதியது எந்தச் சிலைக்கு என்று கேட்டால் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் “என்னடா பார்த்தே?” என்று கேட்டுப் பாருங்கள். “பெரிய திமிங்கல எலும்பு பார்த்தேன்பா! அப்புறம் புளியோதரை சாப்பிட்டோம்” என்பான். திமிங்கலத்தைப் பார்த்ததில் தப்பில்லை. ஆனால் சோழர் காலத்து வெண்கலம் புளியோதரைக்கும் கீழே போய்விட்டதே!

வாத்தியார்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் பாவம், சிலையையா பார்ப்பார்கள், தலையையா எண்ணுவார்கள்? ஒரு பிள்ளை காணாமல் போனால் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியவர்கள் அவர்கள்தானே?

ஒரு சிலை போதும்

நூறு சிலை காட்ட வேண்டாம். ஒன்றே ஒன்று போதும்.

வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். பிரான்ஸ் நாட்டின் மாபெரும் சிற்பி ரோடின், சென்னை மியூசியத்து நடராஜரின் புகைப்படங்களை மட்டும் பார்த்தே சொக்கிப்போய் எழுதினார். அந்தக் கட்டுரை 1921-ல் வெளிவந்தது. போட்டோ பார்த்தவருக்கே அந்தப் பாடு. நம் பிள்ளைகளோ நேரில் நின்றும் பார்க்காமல் போகிறார்கள்!

பிள்ளைகளைத் தரையில் உட்கார வையுங்கள். கேள்வி கேளுங்கள். கை எத்தனை? எந்தக் கையில் உடுக்கை? எதில் நெருப்பு? காலடியில் கிடப்பது யார்? ஒற்றைக் காலில் நிற்கிறாரே, ஏன் விழவில்லை? பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள், பதில் சொல்ல அடித்துக்கொள்வார்கள்.

திருவெண்காட்டு அர்த்தநாரி இன்னொரு அதிசயம். பாதி சிவன், பாதி உமை. கையை எண்ணச் சொல்லுங்கள். மூன்றுதான் வரும். “சார், ஒரு கை உடைஞ்சு போச்சா?” என்று ஒரு வாண்டு கேட்கும். இல்லை, சிவன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒன்று. ஏன் அப்படி? அதை அவர்களே யோசிக்கட்டும். இந்தக் கேள்வி எந்தப் பரீட்சையிலும் வராது. ஆனால் சாகும்வரை மறக்காது.

சிலை செய்கிற வித்தையைச் சொன்னால் வாய் பிளப்பார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து முதலில் மெழுகிலே சிலை. அதன்மேல் வண்டல் மண் பூச்சு. சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் காய்ச்சிய உலோகத்தை ஊற்ற வேண்டும். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால் சாமி! அச்சு உடைந்துபோவதால் ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறார்கள்.

வெண்கலத்துக்கு ‘நோய்’ வரும் என்பது தெரியுமா? ஈரமும் உப்பும் சேர்ந்தால் பச்சைப் பச்சையாகப் பொடி பூத்துச் சிலையையே அரித்துவிடும். அதற்கு வைத்தியம் பார்க்கவே எழும்பூர் மியூசியத்தில் 1930-களிலேயே ரசாயனக் கூடம் இருந்தது. சிலைக்கு டாக்டர் உண்டு என்று சொல்லுங்கள், கெமிஸ்ட்ரி பாடம் தானாக ஏறும்!

திருடனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாதா?

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் ஸ்ரீபுரந்தான் கதையைக் கேட்கட்டும்.

அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கே சிவன் கோயில் பூட்டிக் கிடந்தது. 2006-ல் திருடர்கள் புகுந்து சிலைகளைத் தூக்கினார்கள். விஷயம் வெளியே வந்தது 2008-ல்! அதே 2008-ல் அந்த நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி வைத்தது.

விற்றவன் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். 2011-ல் ஜெர்மனியில் மாட்டினான். 2022 நவம்பரில் உடையார்பாளையம் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் கோர்ட்டு அவனுக்குப் பத்து ஆண்டு ஜெயில் போட்டது.

நடராஜர் 2014-ல் திரும்பி வந்தார். எப்படி? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள் அடையாளம் காட்டின. யாரோ ஒரு காலத்தில் நின்று, பார்த்து, படம் எடுத்து வைத்ததால் சாமி பிழைத்தார்.

நம் சிலையின் விலை திருடனுக்குத் தெரிந்திருக்கிறது. அதன் அருமை நம் பிள்ளைக்குத் தெரியவில்லை. ஊர்க் கோயில் சிலையை அங்க அடையாளத்தோடு தெரிந்து வைத்திருக்கிற பிள்ளை ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பேர் இருக்கட்டும். அதைவிட நல்ல காவல் எது? பூட்டு உடையும். கண் உடையாது!

என்ன செய்ய வேண்டும்?

கோடிக்கணக்கில் பணம் கேட்கவில்லை. கொஞ்சம் அக்கறைதான் கேட்கிறோம்.

ஒரு பயணத்துக்கு ஒரு கூடம் போதும். மியூசியத்தையும் பீச்சையும் ஒரே நாளில் முடிச்சுப் போடாதீர்கள்.

அறுபது பேரை மூன்று அணியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு அணிக்கும் விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஓவியக் கல்லூரி மாணவர்களுக்குப் படிச்செலவு கொடுத்தால் சந்தோஷமாக வருவார்கள்.

வாத்தியார் முதல் நாளே தனியாக வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அதற்கு அவருக்கு லீவு போடாமல் டியூட்டி கொடுங்கள்.

காப்பி அடிக்கிற நோட்டை வாங்கி வையுங்கள். பென்சிலும் வெள்ளைத்தாளும் கொடுங்கள். பிடித்த ஒரு சிலையை வரையட்டும். கோணலாக வந்தால் என்ன? வரைவதற்காகவாவது உற்றுப் பார்ப்பான் அல்லவா?

கான்வென்ட் பிள்ளைகளுக்குச் சொந்த பஸ் உண்டு. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? ஆண்டுக்கு ஒரு நாள் அரசு பஸ்ஸை இலவசமாக விட்டால் என்ன குறைந்துவிடும்?

இது சென்னைக்கு மட்டும் சொல்வதல்ல. புதுக்கோட்டை, மதுரை, சேலம் என்று மாவட்டங்களிலும் அரசு மியூசியங்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே இருக்கிற பள்ளிக்கூடம் எத்தனை முறை எட்டிப் பார்த்தது என்று தலைமை ஆசிரியர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

கல்வி இலாகாவும் மியூசியம் இலாகாவும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசினால் ஒரே வாரத்தில் முடிகிற காரியம் இது. அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடித்துக் காட்டுவார்களா? பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்!