பழைய மேப்பும் நம்ம சாட்சிதான்!



"இது காடு. இங்கே குடியிருந்ததுக்கு ஆதாரம் எங்கே?" உரிமை கேட்டுப் போகும் மலை மக்களிடம் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆதாரம் சர்க்கார் பீரோவிலேயே இருக்கு!

1821-லேயே வெள்ளைக்கார அதிகாரி வார்டு பழனி மலையை அளந்தார். பின்னால் சர்வே ஆஃப் இந்தியா, மைலுக்கு ஒரு அங்குலம் கணக்கில் மேப் போட்டது. ஊர், ஒத்தையடிப் பாதை, ஓடை எல்லாம் அதில் குறிப்பார்கள்.

வன உரிமைச் சட்டப்படி (2006) பளியர் போன்ற பழங்குடிகள் 13.12.2005-க்கு முன்பிருந்தே இருப்பதைக் காட்டணும். மற்ற விவசாயிகளோ அதற்கும் 75 ஆண்டு முன்னால் போகணும். அதாவது 1930! அந்தக் காலத்துப் பட்டாவுக்கு ஏழை எங்கே போவான்? மேப்புதான் கைகொடுக்கும். 2008 விதிகளில் 13-ஆம் விதி வரைபடத்தையும் ஆதாரமாக ஏற்கிறது.

மேப் ஊரைக் காட்டும், யார் காடு என்று காட்டாது. அதனால் பெரியவர்கள் வாக்குமூலத்தையும் எழுதிச் சேருங்கள். அதே விதி அதையும் ஏற்கிறது. மேப்பில் பேர் விட்டுப்போச்சு என்பதற்காக ஊரே இல்லை என்று ஆகிவிடாது.

வன, வருவாய் வரைபடங்களைக் கிராம சபைக்குத் தருவது கோட்ட அளவிலான குழுவின் கடமை. அதோடு 1930-க்கு முந்தைய சர்வே மேப் நகலையும் இலவசமாகக் கொடு!

கிராம சபையில் தீர்மானம் போடுவோம்! கேட்டு வாங்குவோம்!