மாத்திரை ஒன்று, விலை பல!

ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு மாத்திரையும் சோறு மாதிரிதான். நாள் தவறக் கூடாது. நான்கு நாள் சாப்பிட்டோம், குணமாகிவிட்டது என்று விட முடியாது. பலருக்கு ஆயுள் முழுவதும் தேவை.

ஆனால் நடப்பது என்ன? மாதக் கடைசியில் கையில் காசு இல்லை. மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தலைவலி இல்லை, ஆகையால் நோயும் இல்லை என்று எண்ணுகிறார்கள். கொதிப்போ சத்தம் போடாமல் ஏறுகிறது. பிறகு ஒரு நாள் பக்கவாதம், அல்லது மாரடைப்பு. குடும்பமே நிலைகுலைகிறது.

சில ரூபாய்க்காக இப்படி நேரலாமா?

பெயர் இரண்டு

ஒவ்வொரு மருந்துக்கும் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. கம்பெனி சூட்டும் வியாபாரப் பெயர் வேறு. 'அம்லோடிபின்' என்பது ரத்தக் கொதிப்புக்குப் பரவலாகக் கொடுக்கும் மருந்தின் சொந்தப் பெயர். 'ஸ்டாம்லோ', 'அம்லாங்' என்பவை வியாபாரப் பெயர்கள். பெட்டி வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே!

இதைக் கண்டுபிடித்தது பைசர் கம்பெனி. அதன் காப்புரிமை அமெரிக்காவிலேயே 2007-ல் முடிந்துவிட்டது. இன்று எத்தனையோ கம்பெனிகள் இதைச் செய்கின்றன.

சொந்தப் பெயரிலேயே விற்கும் மருந்தை 'ஜெனரிக்' என்கிறார்கள். மத்திய அரசு 2008-ல் தொடங்கிய மக்கள் மருந்தகத் திட்டத்தில் இது குறைந்த விலையில் கிடைக்கிறது. தமிழக அரசு 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் மருந்துகள் உண்டு. அரசு ஆஸ்பத்திரியிலோ இலவசம்!

ஒரு மாத்திரைக்கு 2 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 730 ரூபாய். கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து 1,460 ரூபாய். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு ஆயிற்று!

தரம் மட்டமா?

"விலை குறைந்தால் சரக்கும் மட்டம்" என்பார்கள். சேலைக்கு அது பொருந்தலாம். மருந்துக்கு, சட்டம் இரண்டு வகைக்கும் ஒரே தரத்தைத்தான் விதித்திருக்கிறது. மட்டமான சரக்கு இரண்டிலும் பிடிபடுவது உண்டு. சோதனையை அரசு கடுமையாக்கட்டும். அதைச் சொல்லி, ஏழையை விலை உயர்ந்த பெட்டியின் பக்கம் விரட்டுவது நியாயம் அல்ல.

யார் கையில்?

சேலையை நாமே தேர்ந்தெடுக்கிறோம். மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் டாக்டர். காசு கொடுப்பவர் நாம். சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதிலாக வேறு கொடுக்கக் கடைக்காரருக்குச் சட்டம் இடம் தரவில்லை.

மருந்தின் சொந்தப் பெயரையே டாக்டர்கள் எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் விதி செய்தது. எதிர்ப்பு எழுந்தது. அதே மாதத்தில் விதி நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆகையால் நாம்தான் கேட்க வேண்டும். "டாக்டர் ஐயா, மருந்தின் சொந்தப் பெயரை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கூச்சம் வேண்டாம். கேட்பது குற்றம் அல்ல.

ஓர் எச்சரிக்கை! நீங்களாக மருந்தை மாற்றாதீர்கள். மாத்திரைப் பட்டையில் பெயரையும் அளவையும் படித்துப் பாருங்கள். 'அம்லோடிபின்' வேறு, 'எஸ்-அம்லோடிபின்' வேறு. இரண்டுக்கும் அளவு மாறும். வியாபாரப் பெயருக்குப் பின்னால் வேறு எழுத்து ஒட்டியிருந்தால், இன்னொரு மருந்தும் கலந்திருக்கலாம். டாக்டரிடம் காட்டிவிட்டே சாப்பிடுங்கள்.

விலை உயர்ந்த மாத்திரையைப் பாதி மாதம் சாப்பிடுவதைவிட, மலிவான மாத்திரையை மாதம் முழுவதும் சாப்பிடுவதே உயிருக்குக் காவல்.