பத்து நாட் திருப்பணி

விளையாட்டு வீரனை வேதத்தின் தூதனாக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. உடல்வலிமையும் ஒழுக்கமும் ஒருங்கமைந்தவனே உத்தம கிறித்தவன் என்னும் கருத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் உயர்குடிப் பாடசாலைகளில் வேரூன்றியது. சாள்ஸ் கிங்ஸ்லி, தோமஸ் ஹியூஸ் ஆகியோரின் எழுத்துக்கள் அதற்கு உரமூட்டின. பேரரசை ஆளப் புறப்பட்ட இளைஞரைப் பயிற்றிய அதே மைதானங்களே மிஷனரிமாரையும் பயிற்றின என்பது தற்செயலானதன்று. அம்மரபின் வாரிசுகளாக இன்று விளங்குவன ஐக்கிய அமெரிக்காவின் கிறித்தவக் கல்லூரி அணிகளாம். 1954 இல் நிறுவப்பெற்ற ‘கிறித்தவ மெய்வல்லுநர் கூட்டுறவு’, 1966 இல் தோன்றிய ‘அத்லீட்ஸ் இன் அக்‌ஷன்’ ஆகியன இதற்கு நிறுவன வடிவம் அளித்தன.

இவ்வணிகள் விடுமுறைக் காலத்திலே பத்து நாளோ இரண்டு வாரமோ இலத்தீன் அமெரிக்காவுக்கும் ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் செல்கின்றன. காலையில் சிறுவர்க்குப் பந்துப் பயிற்சி. மாலையில் உள்ளூர் அணியோடு ஓர் ஆட்டம். ஆட்ட இடைவேளையில் வீரரொருவர் மொழிபெயர்ப்பாளரின் துணையோடு தமது விசுவாசத்துக்குச் சாட்சி பகர்வார். எங்கேனும் ஒரு பாடசாலைச் சுவருக்கு வர்ணம் பூசப்படும். புகைப்படங்கள் எடுக்கப்படும். இது சேவை எனப்படுகின்றது. சேவை எனின், யார் யாருக்குச் செய்த சேவை?

இவ்வினாவுக்கு அவ்வணிகளே விடை தந்துவிடுகின்றன. திரும்பி வந்தோர் கூறுவனவற்றை நோக்குக: வாழ்க்கை மாறியது, அணியினரிடையே ஒற்றுமை வளர்ந்தது, தம்மிடமுள்ளவற்றின் அருமை புரிந்தது. அனைத்தும் சென்றவர் அடைந்த பேறுகளே. வறியவனின் முற்றம் வளவனின் ஆன்மிகப் பயிற்சிக்கூடமாகிவிடுகின்றது. சென்றவர் நேர்மையை ஐயுற இடமில்லை. அவர்களுட் பலர் வீடுவீடாகச் சென்று பணம் திரட்டியே பயணச்சீட்டு வாங்குகின்றனர். குறை நெஞ்சிலன்று, ஏற்பாட்டில்.

பணக் கணக்கையும் ஒருவர் பார்த்திருக்கிறார். 1998 இல் மிச் சூறாவளி ஹொண்டூராசைச் சிதைத்தபின், வட அமெரிக்கத் தொண்டர் குழுக்கள் அங்கு சென்று வீடுகள் கட்டின. அந்நாட்டிலேயே வாழ்ந்த சமூகவியலாளரும் தாமே ஒரு கிறித்தவருமான கேர்ட் வெர் பீக், 2006 இல் வெளியிட்ட ஆய்வில், பயணச் செலவையும் சேர்த்தால் அத்தகைய வீடொன்றுக்கு ஏறத்தாழ 30,000 டொலர் ஆயிற்று என்றும், உள்ளூர்க் கிறித்தவ நிறுவனங்கள் அதே வீட்டை 2,000 டொலர் அளவிற் கட்டின என்றும் காட்டினார். வீடு பெற்ற குடும்பங்களிடையே, அதைக் கட்டியவர் அந்நியரா அயலவரா என்பதனால் வேறுபாடு எதுவும் விளையவில்லை. சென்று வந்தோரின் வாழ்விலும், அவர்கள் கூறிக்கொண்ட அளவுக்கு, நிலைத்த மாற்றம் காணப்படவில்லை. இது மதவிரோதியின் கணக்கன்று என்பது கருதத்தக்கது.

பந்துக்கு மொழி வேண்டாம் என்பது இப்பயணங்களின் ஆதரவாளர் விரும்பிக் கூறும் வாதம். உண்மைதான்; வேண்டாம். ஆனால் அதுவே இவ்வேற்பாட்டின் மிகப் பெரிய குறைபாடும் ஆகும். ஓர் ஊரின் மொழியைக் கற்கவேண்டிய கட்டாயத்திலிருந்து பந்து அவர்களை விடுவித்துவிடுகின்றது. மொழியறியாதவனுக்கு எவரும் தம் குறையைக் கூறமுடியாது; அவனைக் கண்டிக்கவும் முடியாது. சிறுவனின் சிரிப்பொன்றே அவனுக்குக் கிட்டும் சான்று. பந்தைக் கண்ட சிறுவன் எங்கேதான் சிரிக்கமாட்டான்?

இவர்கள் முன்னோடிகளாகக் காட்டுவோரின் வரலாறோ வேறு கதை சொல்கின்றது. 1885 பெப்ரவரியில் ‘கேம்பிரிட்ஜ் எழுவர்’ எனப் புகழ்பெற்ற இளைஞர் சீன உள்நாட்டு மிஷனிற் சேர்ந்து கப்பலேறினர். அவர்களுள் சி. ரி. ஸ்டட் இங்கிலாந்து அணிக்காகத் துடுப்பெடுத்தாடியவர். ஸ்ரான்லி ஸ்மித் கேம்பிரிட்ஜ் படகணியின் முன்னணி வீரர். அவர்கள் நுழைந்த வாயில் 1858, 1860 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளாற் பீரங்கி முனையிலே திறக்கப்பட்டது. அதனை மறைத்து அவர்களைப் போற்றுதல் வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். எனினும் அவர்கள் சீன உடை தரித்தனர், சீனம் கற்றனர், ஆண்டுகளை அங்கே செலவிட்டனர். ஸ்மித் 1931 இற் சீனாவிலேயே மாண்டார். நோயுற்றுச் சீனாவை நீங்கிய ஸ்டட், இடையிலே ஊட்டியிற் குருவாகவிருந்து, பின் கொங்கோவிற் பணியாற்றி அதே ஆண்டில் அங்கேயே மறைந்தார்.

எரிக் லிடெலின் பெயர் இன்னும் அதிகமாக உச்சரிக்கப்படுகின்றது. 1924 பரிஸ் ஒலிம்பிக்கில், தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை நடந்தமையால் 100 மீற்றர் ஓட்டத்தை விடுத்து, 400 மீற்றரை 47.6 செக்கனில் ஓடி வென்றவர் அவர். 1981 இல் வெளிவந்த ‘சாரியட்ஸ் ஒஃப் ஃபயர்’ திரைப்படம் அவ்வோட்டத்தைப் பாடுகின்றது. அதன்பின் அவர் சீனாவிற் கழித்த இருபதாண்டை இறுதியில் ஓரிரு வரியுள் அடக்கிவிடுகின்றது. கல்லூரி அணிகள் பெற்றுக்கொண்டதும் அத்திரைப்பட லிடெலையே. உண்மை லிடெல் 1925 இற் தியன்சினுக்குச் சென்று அங்குள்ள கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார். பின்னர் போர் நிகழ்ந்துகொண்டிருந்த நாட்டுப்புறத்துக்குச் சென்றார். 1943 இல் யப்பானியரால் வெய்சியன் முகாமில் அடைக்கப்பட்டு, 1945 பெப்ரவரியில் அங்கே இறந்தார். பரிசில் ஞாயிறன்று ஓட மறுத்த அம்மனிதர், முகாமிலே நடுவரின்றிச் சண்டையிட்ட பிள்ளைகளுக்காக ஞாயிறன்றே மைதானத்தில் இறங்கி நடுவராக நின்றார். தம் கொள்கையையே அவ்விடத்துப் பிள்ளைகள் திருத்தும்படி விட்டவர் அவர். பத்து நாளில் எவருடைய கொள்கை திருந்தும்?

விளையாட்டும் விசுவாசமும் ஒன்றாய்ப் பயன்தந்த இடங்கள் இல்லையெனக் கூறிவிடமுடியாது. கூடைப்பந்தாட்டம் 1891 இலும் கரப்பந்தாட்டம் 1895 இலும் வாலிபர் கிறித்தவ சங்கத்தாரின் கூடங்களிலேயே பிறந்தன. பின்னையது இன்று இலங்கையின் தேசிய விளையாட்டு. அச்சங்கத்தைச் சேர்ந்த அமெரிக்கரான ஹரி குறோ பக் 1920 இற் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி, இந்நாட்டவரையே பயிற்றுநராக்கினார். இலங்கையிலிருந்தும் ஆசிரியர் பலர் அங்கு சென்று பயின்று வந்தனர். யாழ்ப்பாணத்துக்கு 1847 இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் விளையாட்டு வீரரல்லர். ஆயினும் மானிப்பாயில் தமிழ் கற்று, தமிழிலேயே மருத்துவம் போதித்தார். இவர்கள் விட்டுச் சென்றது தமக்குப் பின் வேலையைத் தொடரத்தக்க மனிதரை.

மாணவரால் ஆண்டுக்கணக்கிற் தங்கவியலாது, அவர்களுக்குப் படிப்புண்டு என்று விடையிறுக்கப்படலாம். நியாயமே. அவ்வாறாயின் அவர்கள் செய்யத்தக்கவை வேறுள. அணியொன்றின் விமானச் சீட்டுப் பணத்தை அவ்வூர்ப் பயிற்றுநரின் சம்பளத்துக்குக் கொடுக்கலாம். அப்பயிற்றுநரைத் தம் கல்லூரிக்கு அழைத்து ஒரு பருவம் அவரிடம் கற்கலாம். போயே தீரவேண்டுமெனின், ஓராண்டு மொழி பயின்று, இருவர் மூவராய்ச் சென்று, உள்ளூர்ப் பயிற்றுநரின் கட்டளைக்குட்பட்டுப் பந்து பொறுக்கலாம். இவை எவையும் இயலாதெனின், சுற்றுப்பயணத்தைச் சுற்றுப்பயணமென்றே அழைத்து, தம் செலவிற் சென்று வரட்டும். நன்கொடை கேட்டு நீட்டும் தாளிற் ‘பணி’ என்று எழுதாதிருக்கட்டும்.